இரத்தினபுரியின் உறுப்பினர் விமலசுரேந்திர

டி. ஜே. விமலசுரேந்திர நீர்மின் உற்பத்தியின் தந்தை என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். அவர் எங்கள் இரத்தினபுரியின் அரசாங்க சபை உறுப்பினராக இருந்தவர் என்பது பிறகுதான் தெரியவந்தது.

1874இல் காலியில் பிறந்தவர். பொதுப்பணித் திணைக்களப் பொறியியலாளர். 1912இல் பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தார். மஸ்கெலியா, கெஹெல்கமு ஓயாக்களிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். ஆட்சியாளர்கள் இழுத்தடித்தார்கள்.

மலைநீரைக் குழாயில் இறக்குவது லேசான வேலையல்ல. குழாயின் வாய் போதிய ஆழத்தில் மூழ்காவிட்டால் நீர் சுழித்து, காற்றையும் உள்ளே இழுக்கும். இரண்டும் கலந்து ஓடினால் அழுத்தம் தடுமாறும், குழாய் அதிரும், சக்கரம் திணறும். மேலே கதவை அடைக்கும்போதோ காற்று உள்ளே போயே ஆக வேண்டும். போகாவிட்டால் வெற்றிடம் உண்டாகி இரும்புக் குழாயே நசுங்கிவிடும். இவற்றுக்கெல்லாம் பொறியியலில் விடை இருந்தது. பணம் ஒதுக்க மறுத்தவர்களுக்குத்தான் விடை இல்லை.

ஓய்வு பெற்றபின் 1931இல் இரத்தினபுரியில் போட்டியிட்டு வென்றார், சபைக்குள்ளேயே வாதாட. அன்று தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு வாக்கு இருந்தது. 1950இல் லக்ஸபான இயங்கத் தொடங்கியபோது எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் குடியுரிமையையே இழந்திருந்தார்கள்.

1953இல் அவர் காலமானார். லக்ஸபான நீர் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கல வழியாக இறங்கியது, மின்சாரம் கொழும்புக்குப் போனது. லயங்களில் குப்பிலாம்புதான் வெகுகாலம் எரிந்தது.