ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம்!

குழந்தைகளே... காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போயிருக்கிறீர்களா? பட்டுத்தறி போடும் நெசவாளர்கள் வாழும் பகுதி அது. காஞ்சிப் பட்டுச் சேலையை வாங்க, இப்போதெல்லாம் காஞ்சிக்கே வர வேண்டும் என்பதில்லை. இணையத்தில் படம் பார்த்து, டில்லியில் இருந்தும், சிங்கப்பூரில் இருந்தும் வாங்குகின்றனர். ஜரிகை கசங்காமல் சேலையைக் கட்டி அனுப்ப வேண்டும். அனுப்பும் கூலியும் கட்டுப்படியாக வேண்டும். கூலி ஏறினால் வாங்குபவர் முகம் சுளிப்பார். அதை விற்பவர் ஏற்றால், அவரது லாபம் கரைந்து போகும்.

எடைக்குத் தகுந்த கூலி, அதை அனுப்புபவரே முன்கூட்டியே கட்டுவது, கட்டியதற்கு அடையாளமாக ஒரு தபால் தலை... இவை எல்லாம் நமக்கு சாதாரணமாகத் தெரிகின்றன. ஆனால், இதற்காக மல்லுக்கு நின்ற ஒருவர் இருந்தார். அவர் தபால்காரரோ, மந்திரியோ அல்ல. ஒரு பள்ளி ஆசிரியர். பெயர், ரோலண்ட் ஹில்.

இங்கிலாந்தில், கிட்டர்மின்ஸ்டர் என்ற ஊரில், 1795 டிசம்பர் 3ல் பிறந்தார். காஞ்சிக்கு பட்டு என்றால், அந்த ஊருக்கு கம்பளம். அதுவும் நெசவாளர்களின் ஊர் தான். வீட்டில் எட்டு குழந்தைகள். காசுக்கு எப்போதும் தட்டுப்பாடு.

அந்தக் காலத்தில், கடிதத்துக்கான கூலியைப் பெரும்பாலும் பெறுபவர் தான் கொடுக்க வேண்டும். தபால்காரர் கதவைத் தட்டினாலே, ஹில்லின் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். ஒருமுறை வந்த கடிதங்களுக்கு, மூன்று ஷில்லிங் கூலி. வீட்டில் ஒரு காசு இல்லை. பழைய துணிகளை ஒரு பையில் போட்டு, சிறுவன் ஹில்லிடம் கொடுத்து, விற்று வர அனுப்பினார் அம்மா. அந்தத் துணிப்பையை ஹில் கடைசி வரை மறக்கவில்லை.

பன்னிரண்டு வயதிலேயே, அப்பா நடத்திய பள்ளியில் சிறு வாத்தியார் ஆகி விட்டார். பிறகு, சகோதரர்களோடு சேர்ந்து பர்மிங்காமில் ஒரு பள்ளி நடத்தினார். அங்கே பிரம்படி கிடையாது. தவறு செய்தவனை விசாரிக்க, மாணவர்களே ஒரு நீதிமன்றம் வைத்திருந்தனர். உங்கள் பள்ளியிலும் இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் அல்லவா!

சரி, தபாலுக்கு வருவோம். அப்போது, எவ்வளவு தூரம் என்று பார்த்து கூலி போட்டனர். எத்தனை தாள் என்றும் எண்ணினர். இரண்டு தாள் என்றால், இரண்டு மடங்கு! உறை போட்டால் அதையும் ஒரு தாளாகக் கணக்கிட்டு விடுவர். அதனால், உறையே வேண்டாம் என்று கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டினர். ஒரு தாளில் எழுதி முடித்ததும், அதைத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதியவர்களும் உண்டு. படித்தவர் பாடு தான் திண்டாட்டம்.

இன்னொரு தந்திரமும் இருந்தது. ஒரு ஏழைப் பெண், தன் சகோதரனிடம் இருந்து வந்த கடிதத்தை வாங்க மறுத்தாளாம். இரக்கப்பட்ட ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தந்தார். பிரித்தால், உள்ளே வெற்றுத்தாள்! கடிதம் வந்தாலே சகோதரன் நலம் என்று, இருவரும் பேசி வைத்திருந்தனர். காசு கொடுத்தவர் ஹில் என்று பலர் கதை சொல்வர். உண்மையில், இது கவிஞர் கோல்ரிட்ஜ் சொன்ன அனுபவம்.

ஹில் கையில் எடுத்தது கதையை அல்ல, கணக்கை. அரசு அறிக்கைகளை வாங்கி, உட்கார்ந்து கூட்டிக் கழித்தார். லண்டனில் இருந்து எடின்பரோ, 640 கி.மீ.,க்கு மேல். கடிதத்துக்கு வாங்கிய கூலி, ஒரு ஷில்லிங்குக்கும் அதிகம். அதாவது, 12 பென்னிக்கு மேல். ஆனால், அந்தக் கடிதத்தைச் சுமந்து செல்ல ஆன செலவு எவ்வளவு தெரியுமா? ஒரு பென்னியில், 36ல் ஒரு பங்கு தான்! மீதி எங்கே போனது? பெரும் பகுதி அரசுக்கு வரியாகப் போனது. தாளை எண்ணவும், கணக்கு எழுதவும், வீடு வீடாக நின்று காசு வாங்கவும் ஆன செலவும் கொஞ்சமல்ல. தூரத்துக்கு ஆகும் செலவு, தூசு!

எந்த ஊராக இருந்தாலும், அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் வரை, ஒரே ஒரு பென்னி போதும் என்று, 1837ல் ஒரு சிறு நூல் எழுதினார். தபால் துறை அதிகாரிகள், நஷ்டம் வரும் என்று எதிர்த்தனர். வியாபாரிகளும், பொதுமக்களும் ஹில் பக்கம் நின்றனர். 1840 ஜனவரி 10ல் திட்டம் வந்தது. அன்று மட்டும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள்! மே மாதம், விக்டோரியா ராணியின் தலை பதித்த கறுப்புத் தபால் தலை வெளிவந்தது.

ஹில் எல்லாவற்றிலும் ஜெயித்து விடவில்லை. கூலியும் சேர்த்து அச்சடித்த அலங்கார உறையைத் தான் மக்கள் விரும்புவர் என நம்பினார். ஓவியர் மல்ரெடி வரைந்த அந்த உறையைப் பார்த்து, ஊரே சிரித்தது. அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வருமானமும் முதலில் சரிந்தது; அந்த விஷயத்தில், அதிகாரிகள் சொன்னது முழுக்க தப்பு என்று சொல்ல முடியாது. கடிதங்களோ, ஒரே ஆண்டில் இரு மடங்குக்கு மேல் பெருகின.

ஆட்சி மாறியது, 1842ல் ஹில்லை வீட்டுக்கு அனுப்பினர். சில காலம் ரயில் கம்பெனியில் இருந்தார். 1846ல் தபால் துறைக்கே திரும்பி, பின் அதன் செயலரானார். 1860ல், 'சர்' பட்டம் கிடைத்தது. 1879 ஆகஸ்ட் 27ல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தனர்.

அவரது யோசனை கடல் தாண்டி வந்தது. 1854 அக்டோபர் 1 முதல், இந்தியாவுக்குள் எங்கே அனுப்பினாலும், கால் தோலா எடை வரை அரை அணா என்று ஆனது. காஞ்சியில் இருந்து சென்னைக்கு என்றாலும், கோல்கட்டாவுக்கு என்றாலும் அதே அரை அணா!

பார்சல் சமாசாரம் வேறு. அதில், எடையோடு தூரத்தையும் பார்க்கின்றனர். அன்று தாளை எண்ணியது போல, இன்று பெட்டியையும் அளக்கின்றனர். நீளம், அகலம், உயரத்தை சென்டி மீட்டரில் பெருக்கி, 5,000ஆல் வகுப்பது, கூரியர் நிறுவனங்கள் பலவற்றின் வழக்கம். வருவது கிலோ கணக்கு. உண்மையான எடையை விட அது அதிகமானால், அதற்குத் தான் கூலி.

பென்சிலை எடுங்கள். கட்டி முடித்த பட்டுச் சேலை பார்சல், ஒரு கிலோ என்று வைத்துக் கொள்வோம். 40 செ.மீ., நீளம், 30 அகலம், 4 உயரம் உள்ள தட்டைப் பெட்டி என்றால், 0.96 வரும், ஒரு கிலோவுக்கு கூலி கட்டினால் போதும். அதே சேலையை, 20 செ.மீ., உயரமுள்ள பெட்டியில் வைத்தால், 4.8 கிலோ! கூடுதலாக வந்த 3.8 கிலோவும், பெட்டிக்குள் இருக்கும் வெறும் காற்று.