வேலிக்குச் சாயம் பூசிய தலைவர்

போன வருஷம் வரைக்கும் எங்கள் கிளையின் காற்பந்துக் குழுவில் நான்தான் தாக்குதல் ஆட்டக்காரன். முழங்கால் தசைநார் கிழிந்த பிறகு, திடலுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தல் நிரப்பிக் கொடுப்பதுதான் என் வேலை. இந்த நிலையில், வரப்போகும் ஆண்டுக் கூட்டத்தில் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் பொறுப்புக்கு என் பெயரை முன்மொழியப் போவதாகச் சில தம்பிகள் சொன்னார்கள். ஏன்டா என்று கேட்டேன். நான் நிறைய கோல் போட்டிருக்கேனாம். பொருளாளர் அக்கா மட்டும் சிரித்துவிட்டு, கோல் போடுவதற்கும் திடல் வாடகை ரசீதைப் பத்திரமாக வைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நல்லா ஆடினவன் நல்லா நிர்வாகம் பண்ணுவானா? இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அவர் பெயரை நாம் எல்லாருமே சொல்லியிருப்போம். ஆனால் அது ஓர் அரங்கத்தின் பெயர் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறோம். சந்தியாகோ பெர்னபேயு. நான் சின்ன வயதிலிருந்தே பார்சிலோனா ரசிகன். ரியல் மாட்ரிட் தலைவரைப் பற்றி எழுதக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். பரவாயில்லை.

அவர் 1895-இல் ஸ்பெயினின் அல்பசேத்தே மாநிலத்தில் மொந்தால்வோஸ் என்ற ஊரில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் மாட்ரிட்டுக்குக் குடிபெயர்ந்தது. 14 வயதில், 1909-இல், மாட்ரிட் மன்றத்தின் இளையோர் குழுவில் சேர்ந்தார். அப்போது அந்த மன்றத்துக்கு வயது ஏழுதான். அரச பட்டம் பெற்று 'ரியல்' என்ற சொல் பெயரில் ஒட்டுவதற்கு இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. 1912-இல் மன்றம் ஓதோனெல் தெருவில் புதுத் திடல் அமைத்தபோது, இந்தப் பையன் வேலிக்கு ஆணி அடித்து, சாயமும் பூசிக் கொடுத்தான் என்று சொல்வார்கள். அதே காலத்தில்தான் பெரியவர்கள் குழுவிலும் இடம் கிடைத்தது.

பிறகு 1927 வரை ஆட்டம். தாக்குதல் ஆட்டக்காரர், குழுத்தலைவர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. 1917-இல் அரசர் கிண்ணத்தை வென்ற குழுவில் அவரும் இருந்தார். இடையில் சட்டமும் படித்தார்.

ஆட்டத்தை விட்டவுடனே அவர் தலைவர் நாற்காலிக்குப் போகவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பயிற்றுநருக்குத் துணையாக இருந்தார், செயலவையில் சின்னச் சின்னப் பொறுப்புகளைச் செய்தார். ஆடிய காலத்தோடு ஒப்பிட்டால் யாரும் கைத்தட்டாத வருஷங்கள் அவை.

1936-இல் உள்நாட்டுப் போர் வந்தது. பெர்னபேயு ஃபிராங்கோவின் பக்கம் நின்று போரிட்டார். அவரைப் பெரிய மனிதராகக் காட்ட நினைப்பவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாது. ஃபிராங்கோவின் வெற்றி பல லட்சம் ஸ்பானியர்களின் சுதந்திரத்தைப் பறித்தது. குறிப்பாகக் கத்தலோனிய மக்கள் அதை இன்றும் மறக்கவில்லை.

1939-இல் போர் முடிந்து அவர் திரும்பி வந்து பார்த்தால், மன்றம் என்று சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. சமார்த்தின் திடல் சிதைந்து கிடந்தது. கிண்ணங்கள் திருட்டுப் போயிருந்தன. நிர்வாகிகளில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் எங்கே என்றே தெரியவில்லை. பழைய ஆட்டக்காரர்களையும் உறுப்பினர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து மன்றத்தை மறுபடி எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். யாரிடம் போய்ப் பேசுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருஷம் அவர்களோடேயே இருந்தவர் அல்லவா.

1943-இல் கிண்ணப் போட்டியின் அரையிறுதியில் பார்சிலோனாவிடம் முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்ற மாட்ரிட், இரண்டாவது ஆட்டத்தில் 11-1 என்று வென்றது. (ஆமாம், பதினொன்று. எழுதும்போதே கை வலிக்கிறது.) அந்த இரண்டு ஆட்டங்களைச் சுற்றி எழுந்த பகையில் இரு மன்றத் தலைவர்களும் பதவி விலக நேர்ந்தது. அந்தக் காலியிடத்துக்குத்தான் அதே வருஷம் செப்டம்பரில் பெர்னபேயு வந்தார். வயது 48.

வந்தவர் முதலில் ஆட்டக்காரர்களை வாங்கவில்லை. நிலம் வாங்கினார்.

கட்டுமானப் பொறியியல் படிக்கிறவன் என்பதால் எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது. 1944 அக்டோபரில் வேலை தொடங்கியது. போர் முடிந்து ஐந்தே வருஷம். உணவுக்கே பங்கீட்டு அட்டை வைத்திருந்த நாடு அது. இரும்பையும் சிமெண்டையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த நிலையில் சுமார் 75,000 பேர் கொள்ளும் கான்கிரீட் அரங்கம்! இத்தனை சின்ன மன்றத்துக்கு இவ்வளவு பெரிய அரங்கமா என்று ஊரே கேலி பேசியது. பணத்துக்கு உறுப்பினர்களிடமே கடன் பத்திரம் விற்றார். சாதாரண ரசிகர்கள் அதை வாங்கினார்கள். திடலில் தாங்கள் பார்த்து வளர்ந்த ஆள் கேட்கிறார் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முன்னாள் ஆட்டக்காரனின் பெயர் உதவுவது இந்த மாதிரி இடத்தில்தான். ஆனால் பெயர் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போய்க் கணக்கைச் சரியாகக் காட்டாவிட்டால் அடுத்த பத்திரத்தை யார் வாங்குவார்கள்?

1947 டிசம்பர் 14-ஆம் தேதி, போர்த்துகலின் பெலெனென்செஸ் குழுவோடு ஆடி அரங்கத்தைத் திறந்தார்கள். மாட்ரிட் 3-1 என்று வென்றது. அதோடு எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பருவத்தில் லீக்கில் பதினோராவது இடம். இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் தப்பியதே பெரிசு. பெர்னபேயு தலைவரான பிறகு முதல் பத்துப் பருவங்களில் ஒரு லீக் பட்டம்கூட இல்லை! 1946-லும் 1947-லும் கிண்ணம் மட்டும் வந்தது. இன்றைக்கு என்றால் பத்து மாதத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

1952-இல் மன்றத்தின் பொன்விழா. கொலம்பியாவின் மில்லியோனாரியோஸ் குழு வந்து மாட்ரிட்டை அதன் சொந்த அரங்கத்திலேயே 4-2 என்று தோற்கடித்தது. அந்தக் குழுவில் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபனோ என்ற அர்ஜென்டினாக்காரர் இருந்தார். இவரைக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று பெர்னபேயு முடிவு கட்டினார். ஓர் ஆட்டத்தைப் பார்த்து ஆளை எடை போடும் கண், ஆடியவருக்கு இருக்கும் கண். ஆனால் ஒப்பந்தப் பேச்சை நடத்தியவர் காற்பந்தே ஆடாத ஒரு வங்கிக்காரர், ரைமுந்தோ சபோர்த்தா. பொன்விழாவுக்குக் கூடைப்பந்துப் போட்டி நடத்த உதவ வந்தவரை, பெர்னபேயு தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். தனக்கு எது தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பொருளாளர் அக்கா இந்த வரியைப் படித்தால் சிரிப்பார்.

பார்சிலோனாவும் அதே ஆட்டக்காரருக்கு இன்னொரு மன்றத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. இரண்டு மன்றங்களும் பருவம் மாற்றிப் பருவம் அவரை வைத்துக்கொள்ளட்டும் என்று ஸ்பானியச் சம்மேளனம் ஒரு விசித்திரமான தீர்ப்புச் சொன்னது. பார்சிலோனா வெறுத்துப் போய் விலகியது. அரசாங்கத்தின் கை அதில் இருந்ததா என்று எழுபது வருஷமாகச் சண்டை போடுகிறோம், இங்கே தீர்க்க முடியாது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1954-இல் லீக் பட்டம், 21 வருஷத்துக்குப் பிறகு. 1955-இல் தொடங்கிய ஐரோப்பியக் கிண்ணத்தை முன்னின்று ஆதரித்தவர்களில் பெர்னபேயுவும் ஒருவர். அதன் முதல் ஐந்து கிண்ணங்களும் மாட்ரிட்டுக்கே போயின. 1958-இல், 31 வயதில், உடல் பெருத்துப்போய் வந்த ஹங்கேரிக்காரர் புஷ்காஷை எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். பெர்னபேயு நம்பினார். 1960-இல் கிளாஸ்கோவில் நடந்த இறுதியாட்டத்தில் புஷ்காஷ் 4 கோல், டி ஸ்டெஃபனோ 3. ஸ்கோர் 7-3. அன்றைக்குப் பயிற்றுநர் மிகேல் முன்யோஸ், முதல் இரண்டு கிண்ணங்களைக் குழுத்தலைவராகத் தூக்கியவர். ஆட்டக்காரனைப் படிப்படியாக நிர்வாகத்துக்குள் கொண்டுவரும் பழக்கம் பெர்னபேயுவுக்கு அங்கேயும் பலன் கொடுத்தது.

1964-இல் மட்டும் சறுக்கினார். அந்த வருஷம் வியன்னாவில் இன்டர் மிலானிடம் 3-1 என்று இறுதியாட்டத்தில் தோற்ற பிறகு, டி ஸ்டெஃபனோவை இனி ஆட வைப்பதில்லை என்று முடிவானது. அவருக்கு 38 வயது ஆகப்போகிறது. முடிவு தப்பு என்று சொல்ல முடியாது. மன்றத்திலேயே வேறு வேலை தருவதாகச் சொன்னார்கள். டி ஸ்டெஃபனோ ஆடத்தான் வேண்டும் என்றார், பார்சிலோனா நகரத்தின் எஸ்பான்யோல் குழுவுக்குப் போய்விட்டார். பெர்னபேயு அதை மன்னிக்கவே இல்லை. அப்பா மகன் மாதிரி இருந்தவர்கள் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. பெர்னபேயு இறந்த பிறகுதான், 1982-இல், டி ஸ்டெஃபனோ பயிற்றுநராக அந்த மன்றத்துக்குள் மறுபடி நுழைந்தார்.

எனக்கு இது புரியவே இல்லை. ஆட்டத்தை விடுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதர் அல்லவா அவர்? முழங்கால் கிழிந்து முதல் மாதம் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நீ இனிமேல் உட்கார்ந்து மற்றவர்களுக்கு உதவி செய் என்று யார் சொன்னாலும் கோபம் வந்தது. பெர்னபேயு ஆட்டத்தை விட்டது தன் விருப்பத்தோடு, மன்றத்துக்குள்ளேயே இருந்துகொண்டு. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை என்பது அவருக்குப் படவில்லை போலிருக்கிறது. நல்ல நிர்வாகிக்கும் பழைய ஆட்டக்காரனுக்கும் உள்ள ஆபத்து இதுதான் என்று தோன்றுகிறது: தன் அனுபவத்தையே அளவுகோலாக வைத்துவிடுவார்கள்.

அரங்கத்துக்கு அவர் பெயரை 1955-லேயே வைத்துவிட்டார்கள். அவர் தலைமையில் 16 லீக் பட்டங்கள், 6 ஐரோப்பியக் கிண்ணங்கள். பிள்ளைகள் இல்லை. விடுமுறை கிடைத்தால் சாந்தா போலா கடற்கரைக்குப் போய் மீன் பிடிப்பார். 35 வருஷம் தலைவராகவே இருந்து, 1978 ஜூன் 2-ஆம் தேதி, அர்ஜென்டினாவில் உலகக் கிண்ணம் தொடங்கிய மறுநாள், காலமானார்.

கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தலைவர் பதவிக்கு என் பெயர் வேண்டாம் என்று தம்பிகளிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபம் அவர்களுக்கு. இந்தச் சனிக்கிழமை பொருளாளர் அக்காவோடு உட்கார்ந்து போன வருஷத்துத் திடல் வாடகை ரசீதுகளை அடுக்கப் போகிறேன். இரண்டு மாத ரசீது காணோமாம். ஜெர்சிப் பையில் தேடச் சொன்னார்.