ஆயிரம் முகங் கொண்ட நடிகர்

உள்ளக் கருத்தை வெளியிடுதற்கு வாய்மொழியே தலையாய கருவியென்று நாம் எண்ணுகின்றோம். ஆயின், வாய்மொழி வழங்காத இல்லமொன்றிற் பிறந்து, மௌனத்தையே தாய்மொழியாகப் பயின்று, அதனாலேயே புகழெய்தினார் ஊமைப்படக் காலத்து நடிகர் ஒருவர். அமெரிக்க நாட்டு லான் சேனி என்னும் அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ஆம் நாள் கொலராடோ மாகாணத்துக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் முடிதிருத்தும் தொழிலினர். பெற்றோர் இருவரும் செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். சேனி சிறுவராயிருந்தபோதே அன்னையார் வாதநோயாற் படுக்கையுற்றார். மைந்தர் பள்ளியை விடுத்து அவரருகிருந்து பணிபுரிந்தார். தெருவிற் கண்டாருடைய நடையையும் முகக்குறிப்பையும் நடித்துக் காட்டி அன்னையை மகிழ்வித்தார். அந்நோய்ப் படுக்கையின் பக்கமே அவர்க்கு முதல் நாடக மேடையாயிற்று.

1902 முதல் நாடகக் குழுக்களோடு ஊர்தோறும் சென்று உழைத்தபின், 1913-இல் ஹாலிவுட் அடைந்து, யூனிவர்சல் படநிலையத்திற் சிறு வேடங்கள் ஏற்றார். அழகிய கதாநாயகரையே மக்கள் விரும்பிய அக்காலத்தில், தீயோர், முதியோர், உறுப்புக் குறையுற்றோர் ஆகியோர் வேடங்களை இவர் விரும்பி ஏற்றார். பஞ்சும் பசையும் வண்ணமுங் கொண்டு தம் முகத்தைத் தாமே மாற்றிக் கொள்வார். 1919-இல் வெளிவந்த 'தி மிராக்கிள் மேன்' என்னும் படத்தில் முடவனாக நடிக்கும் வஞ்சகனாய்த் தோன்றிப் பெரும்பெயர் பெற்றார். 1920-இல் 'தி பெனால்டி'யில், காலிழந்தவனாகத் தோன்றுதற்பொருட்டுக் கால்களைப் பின்புறம் மடக்கிக் கட்டி, முழங்காலால் நடந்து பெருநோவு பொறுத்தார். 1925-இல் 'தி பாண்டம் ஆப் தி ஆப்பெரா'வில் அவர் காட்டிய மண்டையோடொத்த முகம் கண்டோரை நடுங்கச் செய்தது.

இஃது அச்சுறுத்தும் வித்தையே எனச் சிலர் கூறக்கூடும். நாம் அதற்கு உடன்படோம். 1923-இல் அவர் நடித்த நோத்ரதாம் கோயிற் கூனனை நோக்குக. செவி கேளாத அக்கூனன் கசையடியுண்டு நீர்வேட்கையால் வாடுகையில், எஸ்மெரால்டா என்னும் நங்கை நீரூட்டுகின்றாள். அவ்விடத்து அருவருப்பு அகன்று இரக்கம் பிறக்கின்றது. உலகம் ஒதுக்கிய உடலினுள்ளும் அன்புக்கு ஏங்கும் உள்ளம் உண்டென்பதை, தம் பெற்றோரிடத்துக் கண்டறிந்தவரே அங்ஙனம் நடித்துக் காட்டல் கூடும்.

பேசும் படம் வந்தபின்னரும் நெடுநாள் தயங்கிய சேனி, 1930-இல் 'தி அன்ஹோலி திரீ' என்னும் ஒரே பேசும் படத்தில் நடித்தார். அதில் ஐந்து வெவ்வேறு குரல்களிற் பேசி வியப்பூட்டினார். அப்படம் வெளிவந்த சின்னாட்களிலேயே புற்றுநோயால் நலிந்து குரலிழந்தார். தாய்க்குக் காட்டிய சைகைகளே இறுதி நாட்களில் அவர்க்குப் பேச்சாயின. அவ்வாண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், தம் 47-ஆம் வயதில் உயிர்நீத்தார்.

ஆயிரம் முகத்தார் என உலகம் அவரைப் போற்றுகின்றது. அம்முகங்கள் அனைத்தையும், நோயுற்ற தாயொருத்தியை மகிழ்விக்க முயன்ற சிறுவன் முகத்தின் வழிவந்தனவாகவே நாம் காண்கின்றோம்.