விண்ணை அளக்க முனைந்த விக்கிரம் சாராபாய்

வெள்ளவத்தைக் கடற்கரையிற் காற்று வாங்கச் செல்லும் நம்மவர், தம் தலைக்கு மேலே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் பகல் முழுவதும் கிழக்கு நோக்கி ஆறெனப் பாய்வதை எண்ணிப் பார்ப்பதில்லை. மேலுங் கீழுமாக ஆடவிட்ட காந்த ஊசி எப்பக்கமுஞ் சாயாது கிடையாக நிற்கும் இடங்களை இணைக்குங் கோட்டைக் காந்த நடுக்கோடு என்பர். தென்னிந்தியாவின் கோடியையும் நம் தீவையும் கடந்து செல்லும் அக்கோட்டை ஒட்டியே அம்மின்னாறு ஓடுகின்றது. அதனை நேரிற் சென்று அளப்பதற்கு ஒரு மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தவரின் வரலாற்றை இங்கு சுருங்கக் கூறுவாம்.

விக்கிரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி அகமதாபாத்தில், துணியாலைகளை உடைய செல்வக் குடும்பத்திற் பிறந்தார். கேம்பிறிட்ஜிற் பயின்று 1940இல் தேர்ச்சி பெற்றார். உலக யுத்தம் அவரைத் தாயகத்தில் நிறுத்திவிட, பெங்களூரில் சேர். சி. வி. இராமனின் மேற்பார்வையில் அண்டக் கதிர்களை ஆராயலானார். யுத்தம் முடிந்ததும் மீண்டும் கேம்பிறிட்ஜ் சென்று, 1947இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பரதக் கலையிற் புகழ்பெற்ற மிருணாளினி அவருடைய துணைவியார்.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அகமதாபாத்திற் பௌதிக ஆராய்ச்சிக் கூடம் அவர் முயற்சியால் உருவாயிற்று. பாலக்காட்டிற் பிறந்த வானிலை அறிஞர் இராமநாதன் அதன் முதல் இயக்குநரானார். அண்டக் கதிர்கள் நம்மை அடையுமுன் சூரியனிலிருந்து வரும் காந்தப் புலங்களாலே திசை திரும்புகின்றன. ஆகவே கதிர்களை ஆராயப் புகுந்தவர், அவற்றைத் திருப்பும் வெளியையும் ஆராயவேண்டியவரானார்.

மின்னாற்றின் சாயல் பெரு நாட்டின் உவாங்காயோ நிலையத்தில் 1922 முதலே தெரியவந்திருந்தது. எனினும் தரையிலுள்ள கருவி மொத்த விளைவை மட்டுமே காட்டும். ஓட்டம் எந்த உயரத்தில் எவ்வளவு வலியது என்பதை அது சொல்லாது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைச் சந்திரனோ அவ்வளவு தாழப் பறந்தால் காற்றின் உராய்வினால் அழியும். சில நிமிட நேரமேனும் அப்படையை ஊடுருவிச் செல்லவல்லது றொக்கற் ஒன்றே. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற கடலோரக் கிராமம் காந்த நடுக்கோட்டுக்கு மிக அணித்தாய் இருந்தமையால், சாராபாய் அதனையே வேண்டினார்.

அவ்வூரில் மரிய மதலேனாள் தேவாலயமும் அதனைச் சூழ்ந்து மீனவர் குடில்களும் இருந்தன. ஆயர் பீற்றர் பேணாட் பெரேரா இசைந்தார். மக்களும் இசைந்து வேறிடம் பெயர்ந்தனர். தேவாலயம் ஆய்வாளரின் பணிமனையாயிற்று. றொக்கற்றின் பாகங்கள் சைக்கிளிலே சென்றன. சாராபாயின் வரலாற்றை எழுதுவோர் சைக்கிளை மறவாது குறிப்பிடுகின்றனர். ஆண்டவன் சந்நிதியையும் குடியிருந்த மண்ணையும் விட்டுக்கொடுத்த ஏழைகளுக்கோ ஒரு வரிக்குமேல் ஒதுக்குவதில்லை. இது முறையன்று என்பது எமது எண்ணம்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆந் திகதி மாலை, அமெரிக்க றொக்கற் ஒன்று பிரான்சு நாட்டுச் சோடிய ஆவிக் கருவியைச் சுமந்து தும்பாவிலிருந்து எழுந்தது. நம் தலைமன்னாருக்கு எதிர்க்கரையான இராமேசுவரத்தைச் சேர்ந்த இளைஞர் அப்துல் கலாமும் அன்று அங்கு பணியாற்றினார். மறு ஆண்டிலே அமெரிக்க விஞ்ஞானிகளின் கூட்டுறவோடு காந்தமானிகள் மேலே சென்றன. கருவி எளியதே. சிறு கலத்தில் ஐதரசன் செறிந்த திரவம். அதனைச் சுற்றிக் கம்பிச் சுருள். சுருளில் மின்னைச் செலுத்தி நிறுத்தியதும், திரவத்திலுள்ள புரோத்தன்கள் பம்பரம்போலத் தலைசுற்றும். தும்பாவின் காந்தப் புலத்தில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 1,700 முறை; புலம் மாறினால் அவ்வெண்ணும் மாறும். மின்னாற்றைக் கடக்கையில் அவ்வெண் மாறும் விதத்தைக்கொண்டு ஓட்டத்தின் வலிமையைக் கணித்தனர். உலோக முனையொன்றில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி இலத்திரன்களை ஈர்த்து, அவற்றின் செறிவை அறியும் இலாங்மியூர்க் கருவியும் பின்னர் அங்கு பறந்தது.

அக்காலத்தில் நம் கொழும்பும் வாளாவிருக்கவில்லை. விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகத்தில் ஞானலிங்கம் என்ற தமிழறிஞர், 1964 முதல் 1970 வரை, வானொலி அலைகளை அயன் மண்டலம் எவ்வளவு உறிஞ்சுகின்றது என்பதைத் தரையிலிருந்தே அளந்தார். றொக்கற் அவருக்கு வாய்க்கவில்லை.

பசித்திருக்கும் நாட்டுக்கு விண்ணாராய்ச்சி எதற்கு என்று பலர் கேட்டனர். சாராபாய் சந்திரனை எட்டும் போட்டியை நாடவில்லை. வானிலையும் செய்தித் தொடர்பும் கிராமக் கல்வியும் இதனாலே சிறக்கும் என்று காட்ட முயன்றார். 1966இல் அணுசக்தி ஆணைக்குழுவின் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஓய்வறியாது உழைத்த அவர், 1971 டிசம்பர் 30ஆந் திகதி, தும்பாவுக்குத் தொலைவில்லாத கோவளத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது வயது 52. இந்தியாவின் முதற் செயற்கைச் சந்திரனான ஆரியபட்டாவை அவர் காணவில்லை. அது 1975இற் பறந்தது.

2023 செப்டெம்பர் 2ஆந் திகதி புறப்பட்ட ஆதித்தியா விண்கலம், 2024 ஜனவரியில், பூமியிலிருந்து சூரியன் திசையில் 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலையத்தை அடைந்தது. கலத்தின் சொந்தக் காந்தம் கணக்கைக் கெடுக்காதவாறு, அதன் காந்தமானிகள் ஆறு மீற்றர் நீளத் தண்டொன்றின் நடுவிலும் நுனியிலுமாகப் பொருத்தப்பட்டுள்ளன. சூரியக் காற்றின் துகள்களை எண்ணும் இரு கருவிகளும் அதில் உள. அவற்றுள் ஒன்று அகமதாபாத்தில் அவர் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடத்திலும், மற்றையது திருவனந்தபுரத்தில் அவர் பெயர் தாங்கும் நிலையத்திலும் உருவானவை.