திருமலை கிருஷ்ணமாச்சாரியார்

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (நவம்பர் 18, 1888 - பெப்ரவரி 28, 1989) இந்திய யோகாசிரியரும் ஆயுர்வேத அறிஞரும் ஆவார். தற்கால யோகப் பயிற்சியின் தந்தை எனப் பலரால் குறிப்பிடப்படுபவர். நோயாளரின் உடல்நிலைக்கேற்ப ஆசனங்களை மாற்றியமைத்து, யோகத்தை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தமை இவரது முதன்மையான பங்களிப்பாகும்.

இளமை

இவர் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் உள்ள முச்சுகுந்தபுரத்தில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். நாதமுனிகளின் வழித்தோன்றல் என்பது குடும்ப மரபு. மைசூரிலும் காசியிலும் வடமொழி, தருக்கம், வேதாந்தம் முதலியவற்றைக் கற்றார். பின்னர் இமயத்துக்கு அப்பால் ராமமோகன பிரம்மச்சாரி என்பவரிடம் ஏழாண்டுகளுக்கு மேல் யோகம் பயின்றதாக இவரே கூறியுள்ளார். 1925இல் நாமகிரியம்மாளை மணந்தார்.

மைசூர் யோகசாலை

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933இல் ஜெகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கப்பட்டது. அங்கு இளைஞர்களுக்குக் கடுமையான, வேகமான பயிற்சிகளைக் கற்பித்தார். நாடு விடுதலை பெற்ற பின் அரச ஆதரவு குறையவே, 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்த நிலையில் இவர் வேறு வாழ்வாதாரம் தேட நேர்ந்தது.

சென்னை வாழ்க்கை

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சட்ட வல்லுநர் ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க 1952இல் சென்னைக்கு அழைக்கப்பட்டார். அதன் பின் இறுதிவரை சென்னையிலேயே வாழ்ந்தார். முதியோரும் நோயுற்றோரும் இவரை நாடி வந்தனர். இவர்களுக்கு மைசூரின் பயிற்சிகள் பொருந்தா என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயிற்சி வகுத்தார்.

பயிற்சி முறை

நாடி, மூச்சு, வயது, தொழில், உணவு ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே பயிற்சியைத் தொடங்குவார். ஒவ்வோர் அசைவையும் மூச்சுடன் இணைத்து மெதுவாகச் செய்யவேண்டும் என்பது இவரது அடிப்படை விதி. ஆசனத்துக்காக மனிதரை வளைக்காமல், மனிதருக்காக ஆசனத்தை மாற்றவேண்டும் என்று கருதினார். 96ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவைச் சிகிச்சையை மறுத்து, படுக்கையில் இருந்தவாறே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டார்.

பார்க்கின்சன் நோயும் யோகமும்

பார்க்கின்சன் நோயில் உடல் முன்னோக்கிக் கூனி, காலடிகள் குறுகி, சமநிலை தவறுகிறது. லெவோடோப்பா மருந்து தசை இறுக்கத்தையும் அசைவின் மந்தத்தையும் குறைத்தாலும், சமநிலைக் குறைபாட்டைப் பெரிதும் சீராக்குவதில்லை. ஆகவே நிற்றல், திரும்புதல், நடத்தல் ஆகியவற்றுக்கான பயிற்சி இன்றியமையாதது. 2019இல் வெளியான ஹாங்காங் ஆய்வொன்றில், எட்டு வார யோகப் பயிற்சி, அசைவுத் திறனைப் பொறுத்தவரை நீட்சி மற்றும் வலுவூட்டல் பயிற்சிகளுக்கு நிகரான பயனை அளித்தது. மனக்கவலையைக் கூடுதலாகக் குறைத்தது. ஒரே நோயுள்ள இருவரின் தள்ளாட்டம் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், ஆளுக்கேற்ற பயிற்சி என்னும் கிருஷ்ணமாச்சாரியாரின் கொள்கை இங்கு பெரிதும் பொருந்துகிறது. எனினும் இத்தகைய பயிற்சி மருந்துக்கு மாற்றாகாது. விழும் ஆபத்து உள்ளவர்கள் உடனொருவர் துணையின்றிச் செய்தலும் ஆகாது.

மாணவர்கள்

பி. கே. எஸ். ஐயங்கார் (நாமகிரியம்மாளின் உடன்பிறந்தவர்), பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி, ஏ. ஜி. மோகன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். மகன் தி. கி. வெ. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவி, தந்தையின் சிகிச்சை முறையைப் பரப்பினார்.

எழுதிய நூல்கள்

யோக மகரந்தம் (கன்னடம், 1934, தமிழ், 1938)
யோகாசனகளு (கன்னடம், 1941)