மணலால் உயிர் காத்தவர்!

குட்டீஸ்! நெடுஞ்சாலை ஓரத்தில் நீளமான இரும்புத் தடுப்பைப் பார்த்திருப்பீர்கள். பாதை விலகும் வண்டி பள்ளத்தில் விழாமல் அது காப்பாற்றும். ஆனால், தடுப்பு தொடங்கும் முனையில் ஒரு கார் நேராக மோதினால் என்ன ஆகும்? காக்க வேண்டிய இரும்பே ஈட்டி போலக் காருக்குள் பாய்ந்துவிடும்! இந்த ஆபத்துக்குச் செலவு குறைந்த ஒரு வழியைக் கண்டுபிடித்தவர் ஜான் ஃபிட்ச்.

1917-ம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் பிறந்தவர் இவர். இரண்டாம் உலகப் போரில் போர் விமானியாக இருந்தார். பிறகு, புகழ்பெற்ற கார் பந்தய வீரர் ஆனார்.

1955 ஜூன் 11. பிரான்சில் உள்ள லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஃபிட்ச்சும் பியர் லெவெக் என்பவரும் ஒரே காரை மாறி மாறி ஓட்ட வேண்டும். லெவெக் ஓட்டியபோது இன்னொரு காரில் மோதி, அவரது கார் கூட்டத்துக்குள் சிதறியது. லெவெக்கும், பார்வையாளர்கள் 80-க்கும் மேற்பட்டோரும் இறந்தனர். தன் முறைக்காகக் காத்திருந்தார் ஃபிட்ச்!

அதன் பிறகு, விபத்தில் உயிர்களைக் காப்பது பற்றியே அதிகம் யோசித்தார். போர்க்காலத்தில் எதிரி விமானங்களின் குண்டுகளுக்குத் தடுப்பாக, எரிபொருள் கேன்களில் மணல் நிரப்பித் தன் கூடாரத்தைச் சுற்றி வைத்தது நினைவுக்கு வந்தது. பிறந்தது புதிய யோசனை!

தடுப்பின் முனைக்கு முன்னால் பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்தார். முதல் பீப்பாயில் சுமார் 90 கிலோ மணல்தான். பின்னால் போகப் போக எடை கூடும். கடைசியில் சுமார் 950 கிலோ வரை இருக்கும். கார் மோதியதும் பீப்பாய்கள் ஒவ்வொன்றாக உடையும். சிதறும் மணல், காரின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்தால் வலி குறைகிறது அல்லவா? அதே தத்துவம்தான்! வண்டிகள் மெதுவாகப் போகும் சாலை என்றால், குறைவான பீப்பாய்களே போதும்.

இது வேலை செய்யுமா என்று எப்படிச் சோதித்தார் தெரியுமா? மணிக்கு 100 கிலோ மீட்டருக்கும் மேலான வேகத்தில் தானே காரை ஓட்டிவந்து பீப்பாய்களில் மோதினார்!

1960-களின் இறுதியில் அமெரிக்கச் சாலைகளுக்கு வந்த இந்தப் பீப்பாய்கள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்ததாக மதிப்பிடப்படுகிறது. 2012-ம் ஆண்டு, தனது 95-வது வயதில் ஃபிட்ச் மறைந்தார். வேகத்தால் புகழ் பெற்றவர், வேகத்தின் ஆபத்தைக் குறைக்க எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? நீங்கள் வீடு கட்டி விளையாடுகிற அதே மணல்தான்!