மலையேறிய இசபெல்லா

1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளானுக்கு ஓர் ஆங்கிலேயப் பெண்மணி கப்பலில் வந்து இறங்கினார். குன்றின்மேல் இருந்த பிரிட்டிஷ் அதிகாரியின் இல்லத்தில் தங்கினார். குள்ளமான உருவம், வயது 47. அவர்தாம் இசபெல்லா பேர்ட்.

இசபெல்லா 1831இல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தார். இளமையிலேயே முதுகுவலி அவரை வாட்டியது. அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் வலி தீரவில்லை. பயணம் செய்தால் உடல் தேறும் என்று மருத்துவர்கள் கூறினர். வியப்பு என்னவென்றால், வீட்டில் நோயாளியாகப் படுத்திருந்தவர் வெளியூரில் நாள் முழுவதும் குதிரைச் சவாரி செய்தார்!

1873இல் அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் உள்ள லாங்ஸ் சிகரத்தில் ஏறப் புறப்பட்டார். அச்சிகரம் நம் கினாபாலு மலையைவிட உயரமானது. வழிகாட்டியாக ஜிம் நியூஜெண்ட் வந்தார். கரடியிடம் ஒரு கண்ணை இழந்த வேட்டைக்காரர் அவர். இரண்டு இளைஞர்களும் ஜிம்மின் நாய் ரிங்கும் உடன் சென்றனர்.

முதல் நாள் பயணம் இனிதாக அமைந்தது. பைன் மரங்கள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், அல்லி படர்ந்த ஏரி ஒன்றைக் கண்டு இசபெல்லா மெய்ம்மறந்தார். இரவில் உறைபனிக் குளிர். இசபெல்லாவை விட்டு அகலக்கூடாது என்று ஜிம் ரிங்கிடம் கூறினார். அது அவர் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு அருகில் படுத்துக்கொண்டது. அன்றிரவு அதன் உடல் சூடு அவர் முதுகுக்கு இதமளித்தது.

மறுநாள் கடும் சோதனை. இரவல் வாங்கிய காலணிகள் அவருக்குப் பெரியவை. நல்லவேளையாக, யாரோ விட்டுச்சென்ற சிறிய மேற்காலணிகள் பாறையடியில் கிடைத்தன. செங்குத்தான இடங்களில் ஜிம் அவரைக் கயிற்றால் பிணைத்து இழுத்தார். ஒருவழியாக உச்சியை அடைந்தனர். மூட்டையைப்போல் இழுக்கப்பட்டதைப் பின்னர் அவரே மறைக்காமல் எழுதினார். சாதனையைப் பெரிதுபடுத்த எண்ணுபவர் அப்படி எழுதமாட்டார்.

கிள்ளானிலிருந்து லங்காட்டுக்குப் படகில் சென்று சுல்தான் அப்துல் சமாட்டைச் சந்தித்தார். அப்போது சிலாங்கூரின் தலைநகரமாக இருந்த கிள்ளான் அவரைக் கவரவில்லை. வீடுகள் பாதி வெறிச்சோடிக் கிடப்பதாக அவருக்குத் தோன்றியது. சில நாளே தங்கிய விருந்தினரின் பார்வை அது என்பதை நாம் நினைவில் கொள்ளலாம். பேராக்கில் யானைமீதும் பயணம் செய்தார். அவரது மலாயாப் பயண நூல் 1883இல் வெளிவந்தது.

1892இல் இங்கிலாந்தின் அரச புவியியல் கழகம் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக்கியபோது, அவர்களுள் இசபெல்லாவும் ஒருவர். எழுபது வயதை நெருங்கிய நிலையிலும் மொரோக்கோவில் குதிரைமேல் மலைகளைக் கடந்தார். 1904இல் எடின்பரோவில் அவர் காலமானார்.